ஆளுக்கு உச்சவரம்பு

சார், அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வெச்சுக்கறீங்களா? தப்பா நெனைக்காதீங்க. காத்துக்கு அது மூஞ்சில வந்து அடிக்குதேன்னு சொல்லல. அந்த ஸ்போர்ட்ஸ் பக்கத்துல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறாரே ஒருத்தரு, கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு, பெரம்பூர் டீம் ஓனரு, அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு மெட்ராஸ் வரைக்கும் என்னால வர முடியாது. 'வரம்புக்குள் நின்றே வெல்வோம்'னு பேட்டி குடுத்திருக்காரு பாருங்க. எட்டு டீம்ல ஏழாவது எடத்துல நிக்குது அவரு டீமு. வெல்வாராம்.

நல்லது சார். தேங்க்ஸ்.

எதுக்கு இவ்ளோ கோவம்னு பாக்கறீங்க. பரவால்ல, கேளுங்க. இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு.

என் பேரு மேபல். இன்சூரன்ஸ் ஏஜென்ட். பதினேழு வருஷமா இதே தொழில்தான். ஒரு ஆளோட மூஞ்சியப் பாத்தாப் போதும், எவ்ளோ பிரீமியத்துக்குக் கையெழுத்துப் போடுவான்னு சொல்லிடுவேன். நீங்க ஒரு பாலிசி எடுத்து நாலு தவணை கட்டிட்டு அப்படியே விட்டவரு. சரியா? சிரிக்கறீங்க பாருங்க. அது அப்புறம் பேசலாம்.

எங்க வூட்டுக்காரர் எபினேசரு. ஃபுட்பால் பிளேயர். வியாசர்பாடிலேர்ந்து பெரம்பூர் வரைக்கும் எபின்னா தெரியாத ஆள் கெடையாது. ஸ்டாப்பர் பேக். கோலுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு வர்றவனையெல்லாம் மறிக்கறது, அதான் அவர் வேலை. முப்பத்தி நாலு வயசு. முப்பத்தி நாலெல்லாம் ஒரு வயசா சார்? எங்க ஏரியா கவுன்சிலருக்கு அறுபத்தொம்போது. அவர யாரும் போதும்னு சொல்லலையே.

தமிழ்நாட்டுல எட்டு ஊரு டீமை வெச்சு ஒரு லீக் நடக்குதே, அதுல பெரம்பூர் டீமுக்கு ஆரம்பத்துலேர்ந்து இவருதான் கேப்டன். ஆறு சீசன். மொத ரெண்டு சீசன்ல எந்த வரம்பும் கெடையாது. யாரு வேணா யாருக்கு வேணா எவ்ளோ வேணா குடுக்கலாம். மூணாவது சீசன்லதான் இந்தச் சனியன் வந்துச்சு. சம்பள உச்சவரம்பு. ஒரு டீமு, தன்னோட மொத்த பிளேயருங்களுக்கும் சேத்து ஒரு சீசனுக்கு அறுபது லட்சத்துக்கு மேல குடுக்கக் கூடாது. ஓனர் பையில அறுபது கோடி இருந்தாலும் சரி, குடுக்கக் கூடாது. குடுத்தா அபராதம், பாயின்ட் கட்டு.

நிலத்துக்கு உச்சவரம்பு கேள்விப்பட்டிருக்கேன். அது ஜமீன்தாருக்கு வெச்சது. வெயில்ல ஓடி முட்டிய ஒடச்சுக்கறவனுக்கு எதுக்கு சார் உச்சவரம்பு? அந்த ஓனரு வூட்டுல நாய்க்குத் தனியா ஏ.சி. ரூம் இருக்கு. நான் பாத்தேன் சார், ஒரு தடவை கப்பு ஜெயிச்சதுக்குச் சாப்பாடு போட்டப்ப. நாய்க்கு வரம்பு இல்ல, பிளேயருக்கு வரம்பு.

இதச் சொன்னா எங்க வூட்டுக்காரருக்குப் புடிக்காது. 'வரம்பு வந்தப்புறம்தான் மேபு மாசாமாசம் சம்பளம் வந்துச்சு'ன்னுவாரு. அது என்னன்னா, மொத சீசன்ல ஒரு டீம்காரன் வெளிநாட்டுக்காரன் ஒருத்தனுக்கு முப்பது லட்சம் குடுத்துட்டு மத்தவங்களுக்குக் குடுக்கக் காசு இல்லாம ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டான். பெரம்பூர்லயும் அந்த வருஷம் இவருக்கு மூணு மாசச் சம்பளம் வரல. இருந்துட்டுப் போகட்டும். எவனோ ஒருத்தன் ஓடுனதுக்கு எல்லாரையும் கட்டிப் போடுவாங்களா?

போன மார்ச்ல இவரோட கான்ட்ராக்ட் முடிஞ்சுது. முடிஞ்சா அந்த ஆளுக்கு என்ன பேரு தெரியுமா? ஃப்ரீ ஏஜென்ட். யார்கிட்ட வேணா போகலாம், யாரும் தடுக்க முடியாதாம். எனக்கு ஒரே சந்தோஷம். நானும் ஏஜென்ட், அவரும் ஏஜென்ட்னு பக்கத்து வூட்டுலகூட சொல்லிச் சிரிச்சேன். ஃப்ரீன்னா சும்மான்னு ஒரு அர்த்தம் இருக்கறது அப்பத் தோணல.

ஏப்ரல் மொத வாரம் டீம் மேனேஜரு வூட்டுக்கு வந்தான். பத்ரிநாத்னு பேரு. முப்பது வயசு இருக்கும். வாழ்க்கைல ஒரு தடவகூட பந்த ஒதச்சிருக்க மாட்டான், காலப் பாத்தாத் தெரியும். ஆனா லேப்டாப்ப மட்டும் பச்சக் கொழந்தைய எடுத்துட்டு வர்ற மாதிரி நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டு வருவான். டீ குடுத்தேன். சக்கரை இல்லாம கேட்டான். அப்பவே நெனச்சேன், இவன்கிட்ட எதுவும் தாராளமா வராதுன்னு.

"அண்ணனுக்கு நாலு லட்சம்க்கா. ஒரு வருஷம்"னான்.

"போன வருஷம் ஆறு"ன்னேன்.

"தெரியும்க்கா. பாருங்க"ன்னு லேப்டாப்பத் திருப்பிக் காட்டறான். கட்டம் கட்டமா இருக்கு. அறுபது லட்சத்துல நாப்பத்தொம்போது ஏற்கெனவே போயிடுச்சாம். ரெண்டு வருஷம் மூணு வருஷம்னு எழுதிக் குடுத்தவங்களுக்கு. மிச்சம் பதினொண்ணு. அதுல மூணு பேர் எடுக்கணும். ஒரு ஸ்டாப்பர், ஒரு ஸ்ட்ரைக்கர், கூட ஒரு கோல்கீப்பர். கோல்கீப்பர் பெஞ்சுலதான் உக்காருவான், அவனுக்கு லீக் சொல்ற கொறஞ்ச சம்பளம், ஒண்ணரை. மிச்சம் ஒம்பதரை. "அண்ணனுக்கு நாலு போனா, ஸ்ட்ரைக்கருக்கு அஞ்சரை. அதுலயே ஆள் கெடைக்கறது கஷ்டம்க்கா. கோல் அடிக்க ஆளில்லாமதான் போன வருஷம் தோத்தோம்."

நான் அந்தக் கட்டத்தையெல்லாம் பாக்கவே இல்ல சார். நானும் கஸ்டமர்கிட்ட டேபிள் காட்டறவதான். எதிராளி கண்ணக் கட்டறதுக்குத்தான் டேபிளு. நான் சொன்னேன், "ஏழு."

"அக்கா?"

"ஏழு லட்சம். ஆறு பழசு, ஒண்ணு மரியாதை."

"அக்கா, ஏழு குடுத்தா ஸ்ட்ரைக்கருக்கு ரெண்டரைதான் மிஞ்சும். ரெண்டரைக்கு யாருக்கா வருவா?"

"அது உன் பாடு. எங்களக் கேட்டா செலவு பண்ணீங்க?"

இதுல எங்க வூட்டுக்காரர் பண்ண வேலையச் சொல்றேன் கேளுங்க. நான் இங்க ஏழுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். அந்த மனுஷன் பேனாவ எடுத்து மூடியக் கழட்டிட்டு, "எங்க தம்பி போடணும்?"னு கேக்கறாரு. நாலு லட்சத்துக்கு! பேனாவப் புடுங்கி ரவிக்கையில சொருகிக்கிட்டேன். மொத தடவ சொல்ற தொகைக்குக் கையெழுத்துப் போடற ஆளுங்கள நான் தினம் பாக்கறேன். அவங்கள வெச்சுத்தான் என் பொழப்பே ஓடுது. என் வூட்டுலயே ஒருத்தரு இருந்தா எனக்கு எப்படி இருக்கும்?

பத்ரி எழுந்தான். "பத்து நாள் டைம் வாங்கிருக்கேன்க்கா ஓனர்கிட்ட. அண்ணனுக்காகத்தான். அதுக்கு மேல என்னால புடிச்சு வெக்க முடியாது"ன்னான். பத்து நாள் டைம்! நான்கூட அதத்தான் சொல்லுவேன். 'இந்த ஆஃபர் மாசக் கடைசி வரைக்கும்தான் சார்'னு. எனக்கே சொல்றான்.

அன்னிக்கே போன எடுத்தேன். திருச்சி டீம்ல கேட்டேன். வயசு என்னன்னான். சொன்னேன். 'எங்களுக்கு வரம்புல எடமில்ல மேடம்'னான். கோயமுத்தூர்ல இருக்கு, ஆனா சின்னப் பசங்களுக்குத்தான் வெச்சிருக்கோம்னான். சேலம் டீமுக்கு ஒரு பொம்பள மேனேஜரு, தேன்மொழின்னு. அந்தம்மா மட்டும் நல்லாப் பேசினாங்க. "எபி சார் எங்களுக்கு வந்தா சந்தோஷம்ங்க. மூணு லட்சம் வரைக்கும் பாக்கலாம்"னாங்க. மூணு! நான் சிரிச்சிட்டு போன வெச்சிட்டேன். ஒரு தேங்க்ஸ்கூட சொல்லல. எதுக்குச் சொல்லணும்?

ஒம்பதாவது நாளு இவரு மெதுவா வர்றாரு. நான் ரசீதெல்லாம் அடுக்கிட்டிருந்தேன்.

"மேபு, சரின்னு சொல்லிடலாமா?"

"இருங்க. அவனே வருவான்."

"அவன் வரலன்னா?"

"வருவாங்க. ஆறு வருஷ கேப்டன விடுவாங்களா?"

"எனக்கு ஆடணும் மேபு. அவ்ளோதான்."

ஆடணுமாம். ஆட்டத்துக்கு நடுவுல காசு வேணாமா? நான் ரசீத அடுக்கிக்கிட்டே இருந்தேன். பத்தாம் நாளு போச்சு. பதினொண்ணு. பன்னெண்டாம் நாளு போன்ல நியூஸ் வருது. பெரம்பூர் டீம், மிசோரம்லேர்ந்து லால்ரேமான்னு ஒரு ஸ்ட்ரைக்கர எடுத்திருக்கு. எவ்ளோ தெரியுமா? ஏழு லட்சம்! நான் கேட்டேனே அதே ஏழு! ஸ்டாப்பருக்கு நெய்வேலிலேர்ந்து குணாளன்னு ஒருத்தன், இருவத்தி நாலு வயசு, ரெண்டரை லட்சம். ஆச்சா, ஒம்பதரை. முடிஞ்சுது. கோலப் போடறவனுக்கு ஏழு, கோலத் தடுக்கறவனுக்கு ரெண்டரை. இதுதான் இவங்க நியாயம்.

பத்ரிக்கு போன் போட்டேன். என் வாயிலேர்ந்து என்னென்ன வந்துச்சோ தெரியாது. கோவம் வந்தா எனக்கு 'இன்னா'ன்னுதான் வரும், பதினேழு வருஷம் ஆபீசர்ங்ககிட்ட பேசி நாக்கத் திருத்தி வெச்சிருந்தது எல்லாம் போயிடும். அவன் பொறுமையாக் கேட்டான். கேட்டுட்டு, "அக்கா, இப்ப ஓனரே அண்ணனுக்குக் குடுக்கணும்னு நெனச்சாலும் முடியாது. பணம் இல்லாம இல்ல. எடம் இல்ல"ன்னான்.

எடம் இல்லையாம். இன்னா பஸ்ஸா ஓட்டறான்?

உடனே எங்க அண்ணி வந்துட்டா துக்கம் விசாரிக்க. 'நாலு லட்சம் போச்சே மேபல்'னு. அவ கணக்கு அவ்ளோதான். நாலு எங்க போச்சு, போனது ஏழுன்னேன். அவளுக்குப் புரியல. இதெல்லாம் புரியறதுக்கு ஒரு தைரியம் வேணும்.

மே போச்சு, ஜூன் போச்சு. யாரும் கூப்புடல. அநேகமா எல்லா டீமும் அறுபதக் கட்டி முடிச்சுட்டாங்க. இவரு காலைல ஆறு மணிக்கு கார்ப்பரேஷன் கிரவுண்டுக்குப் போவாரு. தனியா ஓடுவாரு. பழைய டீம் பனியன உள்பக்கம் வெளியில திருப்பிப் போட்டுக்கிட்டு. ஏன் அப்படிப் போடறீங்கன்னேன். "பேரு தெரியக் கூடாது இல்ல, இப்ப நான் அந்த டீம் இல்லையே"ங்கறாரு. வேற பனியன் இல்லாத மாதிரி. ஒரு நாள் போய்ப் பாத்தேன். செவுத்துல பந்த ஒதைக்கறாரு, திரும்பி வர்றத நெஞ்சுல வாங்கறாரு, மறுபடி ஒதைக்கறாரு. கேப்டனு சார். செவுத்தோட ஆடிக்கிட்டிருக்காரு. நான் அவருக்குத் தெரியாமத் திரும்பி வந்துட்டேன். பத்ரிய நெனச்சுத்தான் வயிறு எரிஞ்சுது. வேற யார நெனைக்கறது?

சும்மா இருப்பனா நான்? எழும்பூர்ல இருக்கற லீக் ஆபீசுக்கே போயிட்டேன். அங்க ஒரு ஆபீசர், தடிமனா ஒரு ரூல் புக்க எடுத்து வெச்சாரு. பாலிசில பின்பக்கம் சின்ன எழுத்து இருக்குமே, அதப் படிக்கறதுதான் என் தொழிலு. ரெண்டு மணி நேரம் உக்காந்து படிச்சேன். கெடச்சுது சார். நாப்பத்தி ரெண்டாம் பக்கம். ஒரு டீம்ல ஒருத்தனுக்குப் பெருசா அடிபட்டு சீசன் பூரா ஆட முடியாமப் போனா, அவன் பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு, ஃப்ரீயா இருக்கற ஒருத்தன கொறஞ்ச சம்பளத்துக்கு எடுத்துக்கலாம். அந்தச் சம்பளம் வரம்புல சேராது.

அதாவது, எவன் காலாவது போனாத்தான் இவரு காலுக்கு வேலை.

நான் ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போறவ சார். யாரு காலும் ஒடியணும்னு நான் ஜெபம் பண்ணல. சத்தியமாப் பண்ணல. ஆனா சீசன் ஆரம்பிச்சப்புறம் தினம் காலைல எழுந்ததும் மொதல்ல பாக்கறது யாருக்கு அடின்னுதான். திருச்சில ஒருத்தனுக்குத் தசைப்பிடிப்புன்னு போட்டான். ரெண்டு வாரத்துல சரியாயிடுச்சு. மதுரைல ஒருத்தனுக்கு மூக்கு. மூக்கு இல்லாம ஆடலாமாமே, ஒரு மூடியப் போட்டுக்கிட்டு ஆடினான் அந்தப் பாவி.

மூணாவது மேட்ச். பெரம்பூர் டீம். குணாளன். முட்டில ஜவ்வு கிழிஞ்சுது. சீசன் அவ்ளோதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க வூட்டுக்காரரோட எடம், எங்க வூட்டுக்காரரோட டீமு. தேடி வருது பாருங்க.

அன்னிக்கு நான் எதேச்சையாத்தான் கேசரி கிண்டினேன். ரவை வாங்கி ரொம்ப நாளாச்சு, வண்டு வந்துடும்னு. எங்க அண்ணி அதையும் ஒரு கதையா ஆக்கி எல்லார்கிட்டயும் சொல்லிட்டா.

இவரு கேசரியத் தொடல. குணாளனப் பாக்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டாரு. ரெண்டு பேருக்கும் பழக்கம்கூட கெடையாது. "எதுக்கு?"ன்னேன். "என் எடத்துல நின்னவன் மேபு"ன்னுட்டுப் போயிட்டாரு.

அவரு போன அரை மணி நேரத்துல பத்ரி கூப்புடறான். "அக்கா, விதி ஒண்ணு இருக்கு"ன்னு ஆரம்பிச்சான். "நாப்பத்தி ரெண்டாம் பக்கம்"னேன். அசந்துட்டான். "ஒண்ணரை லட்சம்தான்க்கா, அதுக்கு மேல லீக் ஒத்துக்காது. அண்ணன நாளைக்கே வரச் சொல்லுங்க." நான் ரெண்டு கேட்டேன். முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் கேக்கணும் இல்ல? கேக்காம சரின்னு சொன்னா நம்மள என்னன்னு நெனப்பான்? அப்புறம் சரின்னேன். ஒண்ணரை. பரவால்ல, நுழைஞ்சுட்டா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

சாயங்காலம் இவரு வந்தாரு. சொன்னேன். நின்னபடியே கேட்டாரு.

"நீ சரின்னு சொல்லிட்டியா?"

"ஆமா."

"குணாளன் பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்தா அவனுக்கு என்ன ஆகும்னு அந்தப் பக்கத்துல போட்டிருக்கா?"

போட்டிருந்துச்சு சார். நான் படிச்சேன். ஏன் இல்லன்னு சொல்லணும். பேர எடுத்த நாள்லேர்ந்து அவனுக்குப் பாதிச் சம்பளம்தான். பேர எடுக்காம விட்டா முழுசும் குடுத்தாகணும். அது அவன் கான்ட்ராக்ட், அவன் படிச்சிருக்கணும். எங்க கம்பெனிலகூட எத்தனையோ பேர் படிக்காமத்தான் கையெழுத்துப் போடறாங்க, நான் என்ன பண்ண முடியும்?

"அவனுக்குக் கைக்கொழந்தை மேபு. எட்டு மாசம். அவன் பொண்டாட்டி கட்டில்ல ஒரு ஓரமா உக்காந்து அதுக்கு இட்லி ஊட்டிட்டிருந்துச்சு. எனக்கும் ஒரு தட்டு எடுத்து வெச்சுது."

"அதுக்கு?"

"நான் வரலன்னு சொல்லிடு."

"நீங்க வரலன்னா பத்ரி வேற ஒருத்தன எடுப்பான். குணாளனுக்கு எப்படியும் பாதிதான்."

"எடுக்கட்டும். அது நானா இருக்க வேணாம்."

எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. அஞ்சு மாசம் சார். அஞ்சு மாசம் நான் அலையாத ஆபீஸ் இல்ல. "உங்களுக்காகத்தானே நான் நாயா பேயா அலையறேன்? நான் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்"னு கத்தினேன். அவரு கத்தல. பதினாலு வருஷத்துல அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை எதுத்துச் சொன்னதில்ல. அன்னிக்குச் சொன்னாரு.

"அப்ப நீயே போய் ஆடு மேபு."

அவ்ளோதான். உள்ள போய்ப் படுத்துட்டாரு. மறுநா காலைல நான் ஒரு கஸ்டமரப் பாத்துட்டு வர்றதுக்குள்ள பை எடுத்துட்டு சேலம் பஸ் ஏறிட்டாரு. அவரே அந்தத் தேன்மொழிக்கு போன் பண்ணியிருக்காரு. அவங்ககிட்ட வரம்புல மிச்சம் இருந்தது ஒண்ணரைதான், ஒரு ஆளுக்கு எடமும் இருந்துச்சாம். மூணு சொன்ன எடத்துல ஒண்ணரைக்குக் கையெழுத்து. கேக்கவே நாராசமா இருக்கு இல்ல? அதுவும் பெஞ்சுக்கு. ஸ்டாப்பர் ரெண்டு பேரு ஏற்கெனவே இருக்காங்க, ரெண்டுமே இருவது, இருவத்தொண்ணு. இவரு போய் அவங்களுக்குத் தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கறாரு. கேப்டனு.

பெரம்பூர்க்காரன் எடுத்தானா வேற ஆளன்னு கேக்கறீங்களா? எடுத்தான். தூத்துக்குடிக்காரன் ஒருத்தன. குணாளனுக்குப் பாதிதான் வருது. நான் அப்பவே சொன்னேன் இல்ல? யாருக்கு என்ன லாபம், சொல்லுங்க. ஆனா ஒண்ணு, அந்தத் தூத்துக்குடிக்காரன் சல்லடை. வர்றவன் போறவனெல்லாம் அவனத் தாண்டி கோல் போடறான். ஏழாவது எடம். அந்த விஷயத்துல எனக்கு மனசு குளுந்துதான் போச்சு, பொய் சொல்லக் கூடாது.

ரெண்டு மாசம் நான் சேலம் போகல. போன் பண்ணுவாரு, சாப்பாடு பத்திச் சொல்லுவாரு. நேத்துதான் கெளம்பி வந்தேன். ஆட்டம் பாக்க இல்ல சார். அடுத்த வருஷக் கான்ட்ராக்ட்டப் பேசறதுக்கு. சீசன் முடியப் போகுது, எல்லாரும் கட்டத்தப் போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம போய் நிக்கணும். போன தடவ நான் விட்டது அதுதான். பத்து நாள் காத்திருக்கக் கூடாது, நாமளே மொதல்ல போயிருக்கணும். ஃபைல் எல்லாம் எடுத்துட்டு வந்தேன். ஆறு வருஷத்துல எத்தனை மேட்ச், எத்தனை கோலத் தடுத்தாரு, எல்லாம் டைப் அடிச்சு.

நாலு மணிக்கு மேட்ச். கோயமுத்தூரோட. பெரம்பூர்ல எனக்குக் குடும்பத்துக்காரங்க உக்கார்ற எடத்துல குஷன் சேர் குடுப்பாங்க. இங்க இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "டிக்கெட் எடுத்துட்டுப் போய் உக்காரு மேபு. நம்ம பேரச் சொல்லிக் கேக்காத." அம்பது ரூபா குடுத்து சிமென்ட் படில உக்காந்தேன். வெயில்ல படி சுடுது. கூட்டத்துல ஒரு ஆளா வேடிக்கை பாக்கறேன், எண்பது நிமிஷம் இவரு பெஞ்சுல உக்காந்திருக்காரு. சேலம் ஒரு கோல் முன்னாடி. எண்பத்தி ரெண்டாவது நிமிஷம் ஒரு பையனுக்கு நொண்டல் வந்துச்சு, இவர எறக்கினாங்க.

என் பின்னாடி ஒருத்தன், "யார்ரா இந்தக் கிழவன்?"னான்.

திரும்பினேன். "என் வூட்டுக்காரரு. இன்னொரு தடவ சொன்னீன்னா பல்லு எண்ணிக்க வேண்டியிருக்கும்"னேன். அவன் எழுந்து நாலு படி தள்ளிப் போயிட்டான்.

கடைசி நிமிஷத்துல ஒரு கார்னர் வந்துச்சு. கோயமுத்தூர்க்காரன் அத்தனை பேரும் கோலுக்கு முன்னாடி. பந்து மேல வருது. இந்த மனுஷன் எங்கேருந்து எகிறினாருன்னு தெரியல, தலையால ஒரு முட்டு. பந்து நடு மைதானத்துக்குப் போயிடுச்சு. விசில். அந்தச் சின்னப் பசங்க ரெண்டு பேரும், நொண்டினவனும்கூட, ஓடி வந்து இவர் மேல விழறானுங்க, மூணு பேரும் தரையில. எழுந்து நின்னு சிரிக்கறாரு சார். மண்ணெல்லாம் வாயில. அதைத் துப்பிட்டு சிரிக்கறாரு. கல்யாணத்தப்ப எடுத்த போட்டோல அப்படி ஒரு சிரிப்பு இருக்கு. அதுக்கப்புறம் நான் பாத்த ஞாபகம் இல்ல. ஆறு லட்சம் வாங்கினப்பகூட இல்ல. ஒண்ணரை லட்சத்துக்கு எவனாவது அப்படிச் சிரிப்பானா? புத்தி இருக்கறவன் சிரிப்பானா?

மேட்ச் முடிஞ்சு வெளிய வந்தாரு. கேட்டேன். "அடுத்த வருஷத்துக்கு என்ன கேட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"கேக்கலையா?"

"கேட்டா லேப்டாப்புல கட்டத்தத் தொறப்பாங்க மேபு. தொறந்தா என் வயசத்தான் மொதல்ல பாப்பாங்க. அவங்களா சொல்ற வரைக்கும் நான் இங்க ஆடறவன். அது போதும்."

போதுமாம். நான் விடுவனா? இன்னிக்குக் காலைல அவருக்குத் தெரியாம டீம் ஆபீசுக்குப் போயிட்டேன். ஃபைலோட. தேன்மொழி என்னை உடனே உள்ள கூப்புட்டாங்க. நான் அன்னிக்கு போன வெச்சத அவங்க மறந்திருக்க மாட்டாங்க, ஆனா காட்டிக்கல. நேத்து ஆட்டத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னாங்க. அப்புறம் அவங்களே, "நல்லதாப் போச்சுங்க, நானே உங்கக்கிட்ட பேசணும்னு இருந்தேன். அடுத்த சீசனுக்கு வரம்பு அஞ்சு லட்சம் கூடுது. எபி சாருக்கு என்ன எதிர்பாக்கறீங்கன்னு சொன்னீங்கன்னா…"ன்னு சொல்லிக்கிட்டே லேப்டாப்பப் பக்கத்துல இழுத்தாங்க.

அஞ்சு லட்சம் சார்! இந்த மாதிரி ஒரு வாக்கியம் கஸ்டமர் வாயிலேர்ந்து வர்றதுக்கு நான் பதினேழு வருஷமா தவம் கெடக்கறேன். தொகை நாக்கு நுனில நிக்குது. அந்தம்மா விரலு லேப்டாப் மூடி மேல இருக்கு, இன்னும் தொறக்கல. நான் அந்த விரலையே பாக்கறேன். வாயத் தொறந்தேன்.

"குடிக்கத் தண்ணி இருக்குங்களா?"ன்னேன்.

குடுத்தாங்க. குடிச்சேன். டம்ளரக் கீழ வெச்சேன். "அவரையே கேளுங்க, நான் சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னு சொல்லிட்டு ஃபைலத் தூக்கிக்கிட்டு எழுந்து வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் என்னை நானே திட்டிக்கிட்டு வர்றேன். காசு வந்து மடியில உக்கார்றேன்னு சொல்லுது, தண்ணி கேட்டுட்டு வந்திருக்கேன். அந்தத் தண்ணியும் வெந்நீரு. தூ, நானெல்லாம் ஒரு ஆளா சார்?